பால் நிறத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

பெண்களின் முகத்தை இதுவரை கவிஞர்கள்தான் அளந்துவந்தார்கள். அவர்களிடம் கருவி எதுவும் இல்லை. நிலா என்றார்கள், நிலா என்றால் எத்தனை யூனிட் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது. காலங்காலமாக நடந்துவந்த இந்த அலட்சியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை ஒரு டைல்ஸ் ஷோரூமைச் சேரும். மூன்று மாடி, நாற்பத்தோரு ஊழியர்கள், தரையிலிருந்து கூரைவரை பளபளப்பு. டைல்ஸையும் முகத்தையும் ஒரே கருவியால் அளந்த நிறுவனம் உலகில் இன்னொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

அளந்தவனை எல்லோரும் ‘ஷேடு சார்’ என்று கூப்பிட்டார்கள். வயது முப்பத்தொன்று. தரப் பரிசோதகர். லாரியில் வந்து இறங்கும் டைல்ஸ் ஒரே ரகம், ஒரே எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் வேறு வேறு நாளில் சூளையில் வெந்திருந்தால் நிறம் ஒரு இழை மாறியிருக்கும். பெட்டிக்குள் இருக்கும்வரை தெரியாது. சுவரில் ஒட்டிய மறுநாள் தெரியும். வீட்டுக்காரர் கடைக்கு வந்து கத்துவார். அதற்கு முன்பே கண்டுபிடிப்பது இவன் வேலை. அதற்காக ஒரு பளபளப்பு மீட்டரும் ஆறு நிற அட்டைகளும் வைத்திருந்தான்: செங்கல், தேன், கோதுமை, மணல், தந்தம், பால். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர்.

விதி எளிமையானது. ஒரு ஷேடு மாறினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டு. காரணம் தெரியும்வரை அந்த அடுக்கிலிருந்து ஒரு பெட்டிகூட நகரக் கூடாது. விதியை எழுதியவர் மேலாளர். அதற்குச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் அவனைக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை விழா. இந்த வருஷம் பொலிவு விருது குழாய்ப் பிரிவுல இருக்கே, அந்தப் பொண்ணுக்குத்தான். தேன்ல இருந்து தந்தத்துக்கு வந்துருச்சு. மூணு ஷேடு. கடைசி அளவ எடுத்துட்டு, பாராட்டுப் பத்திரத்தையும் நீங்களே எழுதிடுங்க. போன வருஷம் எழுதினது நல்லா இருந்துச்சு.”

போன வருஷம் விருது வாங்கியவள் வாஷ்பேசின் பிரிவில் இருந்தாள். அவனுடைய மனைவி. விருது வாங்கிய நாற்பதாவது நாள் இறந்துபோனாள். இதைத் தவிர, திட்டத்தில் இன்றுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

“சரி சார்” என்றான். ஒரு வருஷமாக எல்லாவற்றுக்கும் அவன் சொல்லிவந்தது அதைத்தான்.

திட்டம் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மேலாளர்களுக்கான அரைநாள் பயிற்சி ஒன்றுக்கு நம் மேலாளர் போயிருந்தார். அங்கே பேசிய பெண் மருத்துவர், மாதவிடாய்ச் சுழற்சி சருமத்தையும் முடியையும் என்ன செய்கிறது என்று ஒரு படம் காட்டினார். அந்த நாட்களில் சருமம் வறண்டு சோர்ந்திருக்கும். பிறகு மெல்லத் தெளியும். நடுவில் சில நாள் பொலிவாக இருக்கும். கடைசி வாரம் எண்ணெய் வழியும், தாடையில் பரு வரும், தலையில் முடி பிசுபிசுக்கும். ஊழியர்களிடம் கொஞ்சம் அனுசரணையாக இருங்கள் என்பதற்காக அவர் இதைச் சொன்னார். மற்ற மேலாளர்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நம்மவர் மட்டும் சாப்பிடவில்லை. அவருக்கு இது சரக்குத் தரப் பிரச்சினையாகப் பட்டது.

“நாலு வாரத்துக்கு நாலு முகம்யா” என்று மறுநாள் காலை சொன்னார். “நாம ஒரே முகம்னு நம்பி வேலைக்கு எடுத்திருக்கோம்.”

உடனே ‘மாதச் சுழற்சி சார் முகப்பொலிவு மேலாண்மைக் குழு’ அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். உணர்ச்சிவசப்படாமல் விவாதிக்க வேண்டிய விஷயம் என்பதால் பெண்கள் சேர்க்கப்படவில்லை. குழுவின் பெயர் நீளமாக இருந்ததால் ‘மா.சு. குழு’ என்று சுருக்கினார்கள். பலகை அடித்தவர் புள்ளிகளை விட்டுவிட்டார். கதவில் ‘மாசு குழு’ என்றே கிடந்தது. ஒருவருக்கும் அது தவறாகப் படவில்லை.

முதல் கூட்டத்தின் குறிப்பேட்டில் அந்தச் சொல் ஓரிடத்திலும் வராது. ‘அது’ என்றுதான் இருக்கும். ‘அது வரும் நாள்’, ‘அது நிற்கும் நாள்’, ‘அது குறித்து மேலும் ஆராயப்படும்’. ஐந்து பேரில் நான்கு பேர் கல்யாணமானவர்கள் என்பதால் வெளியிலிருந்து நிபுணர்களை அழைக்கும் தேவை எழவில்லை. கிடங்குக் கண்காணிப்பாளர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: எல்லாருக்கும் ஒரே தேதியில் வைத்துக்கொண்டால் என்ன? மாதக் கடைசியில் எப்படியும் விற்பனை மந்தம்தானே?

அறையின் மூலையில் துடைப்பான் போட்டுக்கொண்டிருந்த துப்புரவு அக்கா நிமிரவில்லை.

“தேதிய முடிவு பண்ணிச் சொல்லுங்க சார். நாங்க எல்லாருக்கும் சர்க்குலர் போட்டுடறோம்.”

குறிப்பேட்டில் ‘ஊழியர் தரப்பு ஒத்துழைப்பு உறுதியளித்தது’ என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சுவரில் பெரிய நாட்காட்டி. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரிசை. ‘அது’ வந்த நாட்களில் அவளே வந்து சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும். பொலிவான வாரத்தில் முன்பக்கம், சோர்ந்த வாரத்தில் பின்பக்கக் கிடங்கு. எந்த வாரம் எது என்று பெண்களிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அது அறிவியல் ஆகாது. ஆகவே அளப்பது என்று முடிவாயிற்று. கையில் மீட்டர் வைத்திருந்தவன் ஷேடு சார். அவன் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

தினமும் காலை ஒன்பதரைக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவன் மீட்டரை நெற்றியில் வைத்து எண்ணை எழுதினான். முதல் நாள் மனைவியின் முறை வந்தபோது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“வீட்ல ஒரு நாளாவது இவ்வளவு கிட்ட வந்து பாத்திருக்கீங்களா?”

அவன் ‘முப்பத்தெட்டு’ என்று எழுதினான்.

முதல் மாத முடிவில் ஒரு சிறு விசித்திரம் தெரியவந்தது. பளபளப்பு மீட்டர் டைல்ஸுக்காகச் செய்யப்பட்டது. அதற்குப் பொலிவு தெரியாது, பளபளப்புதான் தெரியும். கடைசி வாரத்தில், நெற்றியில் எண்ணெய் வழிய, தாடையில் பருவோடு, தலைவலியோடு நின்ற பெண்களுக்கெல்லாம் அது அள்ளிக் கொடுத்தது. அவர்கள் முன்பக்கம் அனுப்பப்பட்டார்கள். நன்றாகத் தூங்கி எழுந்து தெளிந்த முகத்தோடு வந்தவர்கள் கிடங்குக்குப் போனார்கள். சரிபார்ப்பதற்காக மேலாளர் தன் வழுக்கைத் தலையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். தொண்ணூற்றிரண்டு. ஷோரூமின் வரலாற்றிலேயே அதைத் தாண்டியது கண்ணாடி மட்டும்தான். அன்று முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை.

கருவியின் மீது சந்தேகப்படாமல் ஓர் அளவுகோலைக் கூடுதலாகச் சேர்ப்பது என்று குழு தீர்மானித்தது. அதுதான் நிற அட்டை. கன்னத்துக்குப் பக்கத்தில் ஆறு அட்டைகளையும் பிடித்து, எது ஒத்துவருகிறதோ அதை எழுத வேண்டும். செங்கலிலிருந்து பாலை நோக்கிப் போனால் ‘முன்னேற்றம்’. பாலிலிருந்து செங்கலை நோக்கி வந்தால் ‘கவனம் தேவை’. இப்படித்தான் என்று யாரும் வாதாடவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம்போல அது எழுதப்பட்டது.

முடியையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளை டைல்ஸில் ஒரு முடி விழுந்தாலும் கயிறு கிடப்பதுபோலத் தெரியும். துப்புரவு அக்கா தினமும் அவற்றைப் பொறுக்கி, பிரிவுவாரியாகக் கவரில் போட்டுத் தர வேண்டும். ஷேடு சார் எண்ணி எழுதுவான். எண்ணிய பிறகு கவர் குப்பைக்குப் போகும்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் கைமேல் பலன் கிடைத்தது வாஷ்பேசின் பிரிவில். அவன் மனைவி தேனில் தொடங்கினாள். ஐந்தாம் வாரம் கோதுமை. எட்டாம் வாரம் மணல். குழுவில் அவள் பெயர் அடிபடத் தொடங்கியது. நாட்காட்டியில் அவள் வரிசையில் மட்டும் சிவப்புப் பொட்டுகள் ஐந்தில் நிற்காமல் ஒன்பது, பதினொன்று, பதினான்கு என்று ஓடின. இது ஒழுங்கீனம். அனுமதிக்கப்பட்ட நாட்களை மீறியதற்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. ‘இனி ஒழுங்காக இருக்க முயல்கிறேன்’ என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பதிலின் பணிவு குழுவுக்குப் பிடித்திருந்தது. மன்னித்துவிட்டார்கள்.

வீட்டில் அவள் படியேறும்போது பாதியில் நின்றாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. கேட்டால், மாசாமாசம் வர்றதுதானே, இந்தத் தடவை கொஞ்சம் ஜாஸ்தி என்பாள். அவனும் அப்படித்தான் நினைத்தான். ஒரு டைல்ஸில் அரை ஷேடு மாறினாலும் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடுகிற கண் அது.

பதினொன்றாம் வாரம் தந்தம். பதினான்காம் வாரம் பால். அதற்கு மேல் அட்டை இல்லை.

விழா தரைத்தளத்தில் நடந்தது. பத்திரத்தை அவன்தான் எழுதினான்: ‘தேன் நிறத்தில் தொடங்கி, விடாமுயற்சியால் பால் நிறத்தை எட்டி, சக ஊழியர்களுக்கு முன்மாதிரியாகத் திகழும்…’ அவள் மேடைக்கு இரண்டு படி ஏறினாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. முதலில் கைதட்டியது அவன்.

ஆஸ்பத்திரியில், ரத்தத்திலேயே கோளாறு என்றார்கள். பெரிய பெயர் ஒன்று சொன்னார்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்த டாக்டர், எத்தனை நாளாக இப்படி வெளுத்திருக்கிறார் என்று கேட்டார். கணவனாக அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அலுவலகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தான். கிழமையோடு இருந்தது.

நிறுவனம் மலர்வளையம் அனுப்பியது. வெள்ளைப் பூக்கள். பால் ஷேடு.

இந்த இரண்டாம் ஆண்டு விழாவுக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை காலை அவன் குழாய்ப் பிரிவுக்குப் போனான். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஷவருக்குக் கீழே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ மென்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள். எழுந்ததும் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அட்டைகளை எடுத்தான். தந்தம் சரியாக ஒத்துவரவில்லை. பாலைப் பிடித்தான். ஒத்துவந்தது.

“பால் வந்துருச்சாண்ணா?” என்று கேட்டாள்.

அவன் அட்டையை இறக்கினான். எழுதவில்லை. பின்னால் துப்புரவு அக்கா இரண்டு கவரோடு நின்றிருந்தார்.

“ஒரே ஒரு பொண்ணு இருக்குற பிரிவுக்கு ரெண்டு கவர் தம்பி” என்றார். “பாத்ரூம் கூடையப் பாக்குறவ நான். மூணு வாரமா நிக்கல அவளுக்கு. எந்நேரமும் ஐஸ் கட்டிய மென்னுக்கிட்டே இருக்கா. போன வருஷமும் நான் ரெண்டு கவர் குடுத்தேன். நீங்க எண்ணிக்கைய எழுதிக்கிட்டுக் குப்பையில போட்டீங்க.”

குரலில் கோபம் இல்லை. கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவன் மீட்டரைக் கீழே வைத்தான். அந்தப் பெண்ணிடம் மேலே பார்க்கச் சொல்லி, டாக்டர் செய்ததுபோல் இமையைக் கீழே இழுத்தான். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம், காகிதம்போல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். அவள் மாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை முடியட்டும் என்றாள். அவனுக்குத் தான் ஜெயிப்பது பிடிக்கவில்லை போலிருக்கிறது, போன வருஷம் அண்ணி வாங்கிய விருதை வேறு யாரும் வாங்கக் கூடாது போலிருக்கிறது என்றுகூட அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

“விருது கெடச்சா முன்கவுன்ட்டர்ல நிரந்தரம்னு சொல்லியிருக்காங்கண்ணா” என்றாள் கடைசியில், குரல் இறங்கி. “அது உக்காந்து பாக்குற வேல. என்னால நிக்க முடியல.”

அவன் பையிலிருந்து சுருளை எடுத்தான். ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து அவள் புறங்கையில் ஒட்டினான்.

“என்னண்ணா இது?”

“‘நிறுத்து’ன்னு அர்த்தம். ஒட்டியாச்சுன்னா மேலாளரே வந்தாலும் எடுக்க முடியாது. விதி.”

அவள் அதைப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. அதற்குள் அக்கா அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டியிருந்தார்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஐந்துக்கும் கீழே இறங்கியிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி, அதனால்தான் இந்தப் போக்கு, சரிசெய்துவிடலாம் என்றார் டாக்டர். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: எத்தனை நாளாக இப்படி வெளுத்திருக்கிறார்?

“பதிமூணு வாரம், ரெண்டு நாள்” என்றான்.

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

மேலாளருக்குத் தகவல் போனது. அனுமதி இல்லாமல் வேலைநேரத்தில் மூன்று பேர் வெளியேறியது குறித்து அவர் வருந்தினார். ஆனாலும் பெருந்தன்மையானவர். விழாவைத் தள்ளிவைக்கவில்லை. விருதாளர் இல்லாவிட்டால் என்ன, பத்திரம் இருக்கிறதே, அதை வாசித்துவிடலாம் என்று முடிவெடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை தரைத்தளத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒன்று காலி. ‘மாசு’ குழுவினர் மேடையில் இருந்தார்கள். மேலாளர் பேசினார். திட்டம் தொடங்கிய பின் ஷோரூமின் சராசரி நிறம் ஒன்றேகால் ஷேடு உயர்ந்திருப்பதை எண்களோடு விளக்கினார். பெண் ஊழியர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். துப்புரவு அக்கா உட்காரவில்லை. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். பிறகு மேலாளர் ஷேடு சாரைப் பத்திரம் வாசிக்க அழைத்தார்.

அவன் இரண்டு படி ஏறி, தாளைப் பிரித்து, ஒரே சீரான குரலில் வாசித்தான். பெட்டி எண் வாசிக்கிற அதே குரல்.

“‘இந்த ஷோரூமின் பதிவேடு பாராட்டுக்குரியது. பதினான்கு வாரங்களில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஐந்தாம் வாரம், கோதுமை. எட்டாம் வாரம், மணல். முடி, ஒரு கவர். பதினொன்றாம் வாரம், தந்தம். முடி, இரண்டு கவர். சிவப்புப் பொட்டு, பதினான்கு. மெமோ கொடுக்கப்பட்டது. பதினான்காம் வாரம், பால். விருது கொடுக்கப்பட்டது. ஒரு மனுஷி சாவதை இவ்வளவு துல்லியமாக, ஒரு பிழையும் இல்லாமல், பார்த்து எழுதிய அலுவலகம் வேறு எதுவும் இல்லை.’”

மேலாளர் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். வேறு யாரும் தட்டவில்லை.

“சார், ஒரு டைல்ஸ் ஒரு ஷேடு மாறினா என்ன செய்யணும்?”

விடை தெரிந்த கேள்வி என்பதால் மேலாளர் முகம் தெளிந்தது. “நிறுத்தணும். காரணம் தெரியற வரைக்கும் ஒரு பெட்டி நகரக் கூடாது. எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

“என் மனைவி நாலு மாறினா. நாம கைதட்டினோம்.”

கூட்டத்தில் ஒரு நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது. மேலாளர் குழுவைப் பார்த்தார். குழு நாட்காட்டியைப் பார்த்தது. கடைசியில் அவருக்கு நியாயமான ஒரு பதில் கிடைத்துவிட்டது.

“அளந்தது நீங்கதானேய்யா?”

“ஆமா சார்” என்றான். “மொதல்ல கைதட்டினதும் நான்தான்.”

பையிலிருந்து சுருளை எடுத்தான். ஒரு ஸ்டிக்கரைக் கிழித்துத் தன் சட்டைப் பையின் மேல் ஒட்டி, விரலால் நீவிவிட்டான். மீதிச் சுருளை மேலாளருக்கு முன்னால், பத்திரத்தின் மேல் வைத்தான்.

“பெரிய சுருள்தான் சார். கைதட்டின எல்லாருக்கும் வரும்.”